தம்பி கொண்டுபோன உளிப்பெட்டி

அந்த வருஷம் ஐப்பசி மழை பண்ணைக்காட்டில் பதினோரு நாள் விடாமல் பெய்தது. மழை பிடித்த முதல் நாள் மத்தியான பஸ்ஸில்தான் இருளாயி வந்து இறங்கினாள். பஸ்ஸின் மேலேயிருந்து இரண்டு பேர் கயிறு கட்டி ஒரு பெரிய மரப்பெட்டியை இறக்கி ரோட்டோரம் வைத்தார்கள். பெட்டியின் அடிப்பலகை தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் வாய் பிளந்து உள்ளே துருப்பிடித்த இரும்பு தெரிந்தது. அவள் கையில் ஒரு துணி மூட்டை மட்டும் இருந்தது. இலங்கையில் இருபத்திரண்டு வருஷம் தேயிலை கிள்ளிவிட்டு, கப்பலேறி, கரையில் முகாமில் பதினைந்து நாள் மழையில் கிடந்து அவள் கொண்டுவந்து சேர்த்தது அவ்வளவுதான்.

அவள் யாரிடமும் வழி கேட்கவில்லை. வாழைத்தார் ஏற்ற வந்திருந்த இரண்டு பேரிடம் சொல்லிப் பெட்டியைத் தூக்கவைத்து, சேனாதிபதி ஆசாரியின் பட்டறை வாசலில் கொண்டுபோய் இறக்கினாள்.

சேனாதிபதி அப்போது ஒரு நிலைக்கதவுக்கு இழைத்துக்கொண்டிருந்தார். வயது ஐம்பத்திரண்டு. சுற்று வட்டாரத்தில் காபித் தோட்டத்துப் பங்களா ஜன்னல் முதல் பழம் அரைக்கும் மெஷினுக்கு மரச்சட்டம் வரைக்கும் அவர் கை படாத வேலை குறைவு. பெட்டியைப் பார்த்ததும் இழைப்புளி நின்றது. நூறு வருஷத்துக்கு முன்னால் கொடைக்கானல் ஏரிக்கரையில் முதல் பங்களாக்கள் எழும்பியபோது, வேலைக்கு மலையேறி வந்த அவருடைய பாட்டனார் நல்ல தேக்கில் செய்த உளிப்பெட்டி அது. நாலடி நீளம். எட்டு மூலைக்கும் பித்தளைக் கட்டு. மேலே யாரோ பச்சைப் பெயிண்ட் பூசியிருந்தார்கள். அப்படியும் அவருக்குத் தெரிந்தது.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய தம்பி பொன்னுவேல், காபித் தோட்டத்தில் பழம் பறித்துக்கொண்டிருந்த இருளாயியைக் கட்டிக்கொள்வேன் என்று நின்றான். வேறு சாதி. அப்பா திருமலைச்சாமி ஆசாரி செத்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அவளை இந்த வீட்டுப் படி ஏற விடமாட்டேன் என்றார் சேனாதிபதி. பங்குனி உத்திரத்துக்கு அவர் பழனிக்கு நடந்து போய்விட்டுத் திரும்பி வந்து பார்த்தால், தம்பியும் இல்லை, அந்தப் பெண்ணும் இல்லை, பட்டறையில் உளிப்பெட்டியும் இல்லை. மூன்று தலைமுறை ஆயுதமும் அதற்குள் இருந்தது. கையில் ஒரு உளிகூட இல்லாமல் வத்தலக்குண்டில் இன்னொரு ஆசாரியிடம் ஐந்து வருஷம் கூலிக்கு நின்று, ஒவ்வொரு சாமானாகச் சேர்த்துத்தான் அவர் மறுபடி பட்டறை போட்டார். அந்த ஐந்து வருஷமும் அதற்குப் பிறகும், தம்பியைப் பற்றிக் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் சொன்னார். எந்தம்பி ஒரு களவாணி. ஊருக்கும் அதுவே பாடமாகிவிட்டது.

இருளாயி வாசலுக்கு வெளியே மழையில் நின்றபடியே சொன்னாள்.

"அவுக போயிட்டாக. ஆடி மாசம், தோட்டத்து ஸ்டோருக் கூரை மேல ஏறி வேல பாக்கையில சறுக்கிட்டாக. ரெண்டு நா உசுரு இருந்துச்சு. பெட்டிய அண்ணங்கிட்டச் சேத்துருன்னு மட்டும் சொன்னாக. சேத்துட்டேன். அடுத்த பஸ்ஸுக்கு நாங் கெளம்பிர்றேன்."

சேனாதிபதி குனிந்து மறுபடி இழைக்கத் தொடங்கினார். ஒரே இடத்தில் இழைத்து இழைத்து அந்தச் சட்டத்தையே குழியாக்கிவிட்டார் என்பது மறுநாள் எடுத்துப் பார்த்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது.

சத்தம் கேட்டு அவருடைய மனைவி சுந்தராம்பாள் பின்வாசலிலிருந்து வந்தாள். பெட்டியைப் பார்த்தாள். இருளாயியைப் பார்த்தாள். அவள் முகம் சுண்டிப் போயிற்று. வா என்று அவளும் சொல்லவில்லை.

அடுத்த பஸ் வரவில்லை. மலைப்பாதையில் இரண்டு இடத்தில் மண் சரிந்து, வண்டி போக்குவரத்து நின்றுவிட்டதென்று சாயங்காலம் சேதி வந்தது. இருளாயி போக இருந்தது மேல்மலையில் கிளாவரைப் பக்கம். அவளோடு ஒரே தோட்டத்தில் வேலை பார்த்த இரண்டு குடும்பங்கள் முன்னமே வந்து அங்கே காய்கறிக் காட்டில் கூலிக்கு இருந்தன. போக வழியில்லாமல் அவள் அன்று வீட்டுக்குப் பின்னால் காபி காயப்போடும் கொட்டகையில் ஒதுங்கினாள். சுந்தராம்பாள் ஒரு பாயையும் சாக்கையும் கொண்டுபோய்ப் போட்டாள். சோற்றை வாழை இலையில் வைத்துக் கொட்டகை வாசலில் வைத்துவிட்டு வந்தாள். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து சுந்தராம்பாள் காலையிலும் மாலையிலும் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்தில் இருக்கும் சேக் பரீது கடைக்குப் போய், பாதை சரியாகிவிட்டதா என்று கேட்டுவிட்டு வந்தாள். வேற்றுச் சாதிக்காரி பின்கட்டில் இருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தார்கள். சேனாதிபதியும் அப்படித்தான் நினைத்தார்.

பெட்டி மூன்று நாள் பட்டறைக் கூரையின் இறவாணத்தின் கீழ், சாரல் படும் இடத்தில் கிடந்தது. சேனாதிபதி அதைச் சுற்றிக்கொண்டு போனார், வந்தார். முதல் நாள் இரவு அவர் சாப்பிடவில்லை. இரண்டாம் நாள் தலைவலி என்று படுத்தார். நான்காம் நாள் காலையில் பெட்டியின் அடியில் தண்ணீர் சிவப்பாக ஓடிக் கிடந்தது. உள்ளே இருக்கும் இரும்பெல்லாம் துருவாகக் கரைந்துகொண்டிருந்தது. அவரால் அதைப் பார்க்க முடியவில்லை. ஒற்றை ஆளாகப் பெட்டியை உள்ளே இழுத்துப்போட்டார்.

பூட்டை உடைத்துத் தம்பி வேறு சாவி போட்டிருப்பான் என்று நினைத்து, சாவியைப் பற்றி மனைவியை விட்டுக் கேட்கச் சொன்னார். முகாமில் தொலைந்துவிட்டது என்றாள் இருளாயி. முன்பக்கத்துப் பித்தளைப் பூட்டைத் தொடாமல், பின்பக்கம் உளுத்துப் போயிருந்த கீல்களைக் கழற்றி மூடியைத் தூக்கினார். உப்பும் துருவும் கலந்த வாடை பட்டறை முழுக்க எழுந்தது. அப்பாவின் இழைப்புளிகள், வாச்சி, மூலைமட்டம், பதினாறு உளிகள், எல்லாம் இருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. பிடி உடைந்த உளிகளுக்குத் தம்பி புதுப் பிடி கடைந்து போட்டிருந்தான்.

அன்றிலிருந்து அவர் வேறு வேலை எதையும் தொடவில்லை. பச்சைப் பெயிண்டைச் சுரண்டி எடுக்க ஒரு முழு நாள் ஆயிற்று. பெயிண்டுக்குக் கீழே தேக்கு அப்படியே உயிரோடு இருந்தது. அடிப்பலகை மூன்றும் கடல்தண்ணீர் ஊறிக் கையோடு வந்தன. அவற்றை எடுத்தெறிந்துவிட்டு, ஆறு வருஷமாக மச்சில் காயப்போட்டிருந்த சந்தனவேம்புப் பலகையை இறக்கினார். பிளந்த பக்கத்தை ஈரத்துணி போட்டு, மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வைத்து, இரண்டு நாள் வளைவு எடுத்தார். மழைக்காலத்தில் வச்சிரப் பசை பிடிக்காது. அதனால் பட்டறைக்குள்ளேயே காபிக்கட்டையைப் போட்டுக் கணப்பு மூட்டினார். பசைச்சட்டி பக்கத்திலேயே கொதித்தது.

துருப்பிடித்த ஆயுதங்களை அவர் வாசல் பக்கம் ஒரு சாக்கில் பரப்பி வைத்திருந்தார். ஒரு நாள் அவர் குளித்துவிட்டு வருவதற்குள் இருளாயி அவற்றின் முன்னால் உட்கார்ந்து, மண்ணெண்ணெயும் செங்கல் தூளும் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கூரை ஒழுகிய இடத்துக்குத் தள்ளி, பட்டறைக்குள் கால் வைக்காமல், இறவாணத்துக் கீழேயே. உளியின் வாயில் விரல் படாமல் எப்படிப் பிடிப்பது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. சேனாதிபதி நின்று பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆறாம் நாள் பெட்டியின் வலது மூலைக்கு வந்தார். அந்த மூலைதான் அவரை நிறுத்தியது.

புறாவின் வாலைப் போல விரிந்த பற்களைச் சீவி, ஒன்றுக்குள் ஒன்று கோத்து நிறுத்திய மூலைகள் அந்தப் பெட்டிக்கு. ஆணி கிடையாது. பொன்னுவேல் இளவட்டமாக இருந்தபோது அவனுக்கு வராத ஒரே வேலை அதுதான். வெட்டி வெட்டிப் பலகையை வீணாக்குவான். அப்பா வரைகோலால் அவன் விரல் முட்டியில் அடிப்பார். இவரும் பக்கத்தில் நின்று சிரித்திருக்கிறார். ஒரு தடவை, நீ விறகு பிளக்கத்தான் லாயக்கு என்று நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார்.

இந்த மூலையில் பழைய தேக்கு ஒரு சாண் அளவுக்கு இல்லை. மஞ்சளாகப் பலா மரம் வைத்து ஒட்டுப் போட்டிருந்தது. பற்கள் எட்டும் புதுசு. சேனாதிபதி நகத்தை வைத்துப் பார்த்தார். நகம் இறங்கவில்லை. மெல்லிய தகட்டை எடுத்துப் பார்த்தார். அதுவும் இறங்கவில்லை. உப்புத் தண்ணீரும் கப்பலும் பதினைந்து நாள் மழையும் பெட்டியின் மற்ற இடத்தையெல்லாம் பிரித்துவிட்டிருக்க, அந்த மூலை மட்டும் இம்மி அசையாமல் நின்றது.

வெகுநேரம் கழித்து அவர் பெரிய உளியை எடுத்து அங்கே வைத்தார். இருளாயி வாசலிலிருந்து எழுந்துவிட்டாள்.

"அத எடுத்துராதீங்க."

வந்த அன்று சொன்ன சேதிக்குப் பிறகு அவள் தானாகப் பேசியது அதுதான் முதல் தடவை. சேனாதிபதி திரும்பாமலே பதில் சொன்னார்.

"தேக்குல பலா நிக்குது. நெறம் பேதமாத் தெரியுது. அப்பா பெட்டி அப்பா பெட்டியா இருக்கணும்."

"ஒரு பெருங்காத்துல நாங்க குடியிருந்த லயத்து வீட்டு மேல மரம் சாஞ்சிருச்சுங்க. சுவரு விழுந்து அந்த மூல நொறுங்கிப் போச்சு. அங்கிட்டுத் தேக்கு கெடைக்கல. பன்னெண்டு நா, பெரட்டுல பேரு குடுத்து வேலைக்குப் போயிட்டு வந்து பொழுது சாயிற வரைக்கும் சீவுனாக. மூணு வாட்டி சரியில்லன்னு தூக்கிப் போட்டாக. அண்ணே பாத்தா என்ன சொல்லும், அண்ணே பாத்தா என்ன சொல்லும்னு கேட்டுக்கிட்டேதான் சீவுனாக. எங்கிட்டக் கேக்கல. மரத்துக்கிட்டக் கேட்ட மாதிரி இருக்கும். அங்க எல்லாரும் அவுகளப் பொன்னுவேலு பாஸுன்னுதான் சொல்லுவாக. தச்சு வேலக்காரர அங்கிட்டுப் பாஸும்பாக. நல்ல வேலக்காரருக்குத்தாங்க அந்தப் பேரு."

சேனாதிபதி உளியைக் கீழே வைத்தார். அன்று மேற்கொண்டு வேலை நடக்கவில்லை. கணப்பின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். சுந்தராம்பாள் கருப்பட்டிக் காபி கொண்டுவந்து வைத்தபோது, அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

எட்டாம் நாள் அடிப்பலகை பொருந்தியது. மூலைப் பித்தளைகளைப் புளியும் சாம்பலும் வைத்துச் சுந்தராம்பாளே விளக்கிக் கொடுத்தாள். மிச்சம் இருந்தது பூட்டு ஒன்றுதான். சாவி இல்லாததால் பூட்டைக் கழற்றி, அளவெடுத்து, புதுச் சாவி அடிக்க வேண்டும்.

அவர் மூடியை நிமிர்த்தி உள்பக்கம் பார்த்தார். அப்பா அந்தப் பூட்டைப் பொருத்தியபோது பக்கத்தில் விளக்குப் பிடித்தவர் அவர்தான். நாலு ஆணியையும் உள்ளே விட்டு, முனையைத் தட்டி மழுக்கி, யாரும் கழற்ற முடியாதபடி அடைத்திருந்தார் அப்பா. அந்த நாலு முனையும் அப்படியே இருந்தன. அப்பாவின் சுத்தி விழுந்த தடம்கூட மாறவில்லை. பூட்டைச் சுற்றிக் கம்பி வைத்து நெம்பிய வடு எதுவும் மரத்தில் இல்லை.

தம்பி பூட்டை உடைத்துத்தான் பெட்டியைத் திறந்திருப்பான் என்று இத்தனை வருஷமும் அவர் நம்பியிருந்தார். பூட்டு உடையவில்லை. கழற்றப்படவும் இல்லை. கழற்றாமல் இந்தப் பூட்டுக்கு வேறு சாவி செய்யவும் முடியாது. அப்படியானால் சாவி போட்டுத்தான் திறந்திருக்கிறான். இருந்தது ஒரே ஒரு சாவி. பழனிக்குப் புறப்பட்ட அன்று அவரே அதைச் சுந்தராம்பாள் கையில் கொடுத்து, சுருக்குப் பையில் போட்டு வை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். திரும்பி வந்தபோது, பெட்டியே போய்விட்டது, சாவி எதற்கு என்று ஆத்திரத்தில் அதைக் கிணற்றில் எறிந்துவிட்டதாக அவள் சொன்னாள்.

அவர் மனைவியைக் கூப்பிட்டார். அவள் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வாசலில் இருளாயி வாச்சியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பூட்ட அவன் எப்பிடித் தெறந்தான்?"

இருளாயி வாச்சியைக் கீழே வைத்துவிட்டு, சாவி முகாமில் தொலைந்ததாகச் சொன்னதையே மறுபடி எடுத்தாள். சுந்தராம்பாள் அவளைக் கையமர்த்தினாள்.

"விடு இருளாயி. நீ எதுக்கு எனக்காகப் பொய் சொல்ற." பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். "நாந்தாங்க குடுத்தேன். பெட்டியும் நாந்தான் குடுத்தேன், சாவியும் நாந்தான் குடுத்தேன்."

சேனாதிபதி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க பழனிக்குப் போன மறுநா, வெள்ளனே ஒங்க தம்பி வந்து நின்னுச்சு. சிலோனுக்குப் போறேன் மதினி, சொல்லிட்டுப் போக வந்தேன்னுச்சு. கையில ஒண்ணுமில்ல. ரெண்டு நாளாச் சாப்பிடவும் இல்ல. இந்தப் பிள்ள ரோட்டுல நிக்குது. தொழில் தெரிஞ்ச ஆளு வெறுங்கையோட போனா ரெண்டு உசுரும் போயிருமேன்னு தோணுச்சு. எடுத்துட்டுப் போன்னு சொல்லிட்டேன். அது மாட்டேன்னுதான் சொல்லுச்சு. நாந்தான் ஒரு பக்கம் புடிச்சு ரோடு வரைக்கும் தூக்கிவிட்டேன்."

"எங்கிட்ட ஏஞ் சொல்லல?"

"சொல்லத்தாங்க இருந்தேன். நீங்க வந்து பட்டறையப் பாத்துட்டுத் தரையில விழுந்து அழுதீக. எனக்கு வாய் வரல. நாளைக்குச் சொல்லுவோம்னு இருந்தேன். மறுநா நீங்க ஊரெல்லாம் போயி அது களவாணின்னு சொல்லிட்டு வந்தீக. அதுக்கப்புறம் சொல்ல முடியல. ஒவ்வொரு நாளும் இன்னும் முடியாமப் போச்சு."

அவர் இருளாயியிடம் கேட்டார்.

"அவனக் களவாணின்னு நாஞ் சொன்னது அவனுக்குத் தெரியுமா?"

"தெரியுங்க. இங்கிட்டிருந்து வந்த ஆளுக சொன்னாக. கடுதாசி போடுங்கன்னு நானும் எத்தனையோ வாட்டி சொன்னேன். உண்மையச் சொன்னா மதினிய அண்ணே வீட்ட விட்டு வெரட்டிரும், நாங் களவாணியாவே இருந்துட்டுப் போறேன்னுட்டாக."

அவள் மடியிலிருந்து ஒரு சாவியை எடுத்து, பட்டறைப் படியில் வைத்தாள்.

அடுத்த மூன்று நாள் சேனாதிபதி யாரோடும் பேசவில்லை. சுந்தராம்பாள் வைத்த சோற்றைச் சாப்பிட்டார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வேலையை மட்டும் நிறுத்தவில்லை. கீலைப் போட்டார். உப்புத்தாளால் தேக்கையும் சந்தனவேம்பையும் பலாவையும் ஒரே மட்டமாகத் தேய்த்தார். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப்பந்தில் தொட்டுத் தொட்டு, காய விட்டு, மறுபடி தொட்டார். பலா மூலையின் மேல் நிறம் ஏற்றி மறைக்கவில்லை. அது மஞ்சளாகவே இருந்தது.

வீட்டுக்குள் இருக்கப் பிடிக்காமல் சுந்தராம்பாள் கொட்டகைக்குப் போய் இருளாயியின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். முதல் நாள் இருவரும் ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் நாள் இருளாயி மாவும் தேங்காய்ப்பூவும் பிசைந்து ரொட்டி தட்டி, மிளகாயும் வெங்காயமும் இடித்த சம்பல் வைத்துக் கொடுத்தாள். சுந்தராம்பாள் அதைப் பிட்டுத் தின்றாள். பொன்னுவேலுக்கு இது பிடிக்குமா என்று கேட்டாள். பிடிக்காது, கடைசி வரைக்கும் கேப்பைக்களிதான் கேட்பார் என்றாள் இருளாயி. அதைக் கேட்டதும் சுந்தராம்பாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். தான் அவளை விரட்டப் பார்த்தது அவள் மேல் வெறுப்பால் அல்ல, பயத்தால்தான் என்று சொன்னாள். அது எனக்கு வந்த அன்னைக்கே தெரியும் அக்கா என்றாள் இருளாயி.

பன்னிரண்டாம் நாள் வெயில் அடித்தது. பாதையை ஒதுக்கிவிட்டார்கள், பத்து மணிக்குக் கொடைக்கானல் பஸ் வருகிறது என்று சேதி வந்தது. இருளாயி மூட்டையைக் கட்டினாள். பட்டறைக்கு வந்து, சாத்தியிருந்த கதவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்தாள். சுந்தராம்பாளால் அவளை இரு என்று சொல்ல முடியவில்லை. சொல்லும் உரிமை தனக்கு மிச்சமிருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. பஸ் ஏற்றிவிடவாவது போவோம் என்று கூடவே போனாள்.

பதினோரு நாள் அடைந்து கிடந்த ஊர் முழுக்க அன்று சேக் பரீது கடை முன்னால்தான் நின்றது. வாழைத்தார்களும் மிளகு மூட்டைகளும் ரோட்டோரம் அடுக்கியிருந்தன. பஸ் வளைவில் திரும்பும் சத்தம் கேட்டபோது சேனாதிபதி வந்தார். சட்டையில்லாமல், தோளில் துண்டோடு, கையெல்லாம் அரக்குக் கறையோடு வந்தார். நேராகக் கடை முன்னால் போய் நின்றார். டீ ஆற்றிக்கொண்டிருந்த சேக் பரீது என்ன ஆசாரி என்றார்.

"ஒரு சேதி சொல்லணும் பாய். எல்லாரும் இருக்கீக, கேட்டுக்கங்க." அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "எந்தம்பி பொன்னுவேலு செத்துப் போனான். அவன் பெட்டியக் களவாண்டுட்டுப் போனான்னு இந்தக் கடையில ஒக்காந்து எத்தனையோ வாட்டி சொல்லியிருக்கேன். அவன் களவாங்கல. நாங்க குடுத்ததுதான். நானும் எம் வீட்டுக்காரியுமாத்தான் குடுத்தனுப்புனோம். பொய் சொன்னது நாந்தான்."

சேக் பரீது ஆற்றிய டீயைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். கூட்டத்தில் ஒரு பெரியவர், அப்படியானால் எதற்கய்யா இத்தனை வருஷமும் அப்படிச் சொன்னாய் என்று கேட்டார். பஸ் வந்து நின்றது. சேனாதிபதி திரும்பி இருளாயி நின்ற இடத்துக்குப் போனார்.

"ஆத்தா, மூட்டைய எறக்கு. அவனுக்குச் செய்ய வேண்டிய சாங்கியம் ஒண்ணும் இந்த மண்ணுல செய்யல. நீ இல்லாம நான் எப்பிடிச் செய்ய?"

இருளாயி மூட்டையை இறக்காமலே சொன்னாள்.

"இருந்து செஞ்சுட்டுப் போறேன். அதுக்கு மேல இருக்கிறதப் பொறகு பாப்போம். ஆனா கொட்டகையில எனக்கு எல போட வேணாங்க. அங்க லயத்துல நாங்க எல்லாரும் ஒண்ணா ஒக்காந்துதான் சாப்புட்டோம்."

சேனாதிபதி தலையை ஆட்டினார். சுந்தராம்பாள் மூட்டையை அவள் கையிலிருந்து வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். இருளாயி பின்னால் போனாள். பஸ் ஆளேற்றிக்கொண்டு மேலே போயிற்று.

வீட்டுக்கு இறங்கும் சரிவில் மழை அரித்துச் சேறாகக் கிடந்தது. சுந்தராம்பாள் அழுதுகொண்டே வேகமாக இறங்கினாள். கால் ஒரு தடவை சறுக்கி நின்றது.

"சுந்தரம்," என்றார் சேனாதிபதி பின்னாலிருந்து. "மெதுவாப் போ. வழுக்குது."

அவள் நின்றாள். அவர் இறங்கி வந்து முன்னால் போய், கால் ஊன்ற இடம் பார்த்துப் பார்த்து நடந்தார். இரண்டு பெண்களும் அவர் மிதித்த இடத்தில் மிதித்து இறங்கினார்கள்.